மூன்று பேர் கட்டிய ஒரே தவணை

அந்த வீட்டுக்குள் கடனைப் பற்றிப் பேசக் கூடாது. இது அண்ணி போட்ட சட்டம்.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. சோபாக்களையும் மெத்தைகளையும் இவர்கள் கடையில் கடனுக்குச் செய்து வாங்கிக்கொண்ட ஓட்டல்காரர், ஒரு பைசா கொடுக்காமல் ஓட்டலை மூடிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் தட்டு வைத்த இடமெல்லாம் சண்டை. உப்புக் குறைந்தால் கடன். குழாய் ஒழுகினால் கடன். யாராவது தும்மினால்கூட, மருந்துச் செலவு யார் தலையில் என்று பேச்சு கடனில் போய் முடியும். ஒரு நாள் மாமியார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அண்ணி அறிவித்தாள்.

"இனிமே கடன்ங்கிற வார்த்தை இந்த வாசப்படியைத் தாண்டி உள்ள வரக் கூடாது. சம்பாதிக்கிறதை டீ டப்பாவுல போடுங்க. கணக்கு என் தலைவலி. மத்தவங்க சிரிச்சுக்கிட்டு இருங்க."

அன்று முதல் அவளுக்கு வீட்டில் நிதி மந்திரி என்று பெயர். பெயர் வைத்தவள் நாத்தனார், வீட்டுக்குச் சின்னவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பவள். போர்வையை மடிக்கிற வேகத்தில் ஆட்களுக்கும் பெயர் வைத்துவிடுவாள்.

சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. கடைக்கு வாடகை கட்ட முடியாமல் தையல் மெஷினை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தபோதும் யாரும் முனகவில்லை. போன வாரம் ஒரு பல் டாக்டர், நோயாளிகள் உட்காருகிற அறைக்கு மெத்தைகள் கேட்டு வந்தபோது, அவர் போன பிறகு மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்ன ஆட்டமே ஆடினார். எதற்கு ஆடினார் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இன்று காலை, மெத்தைகள் தைத்து முடியும் நேரத்தில், வாசலில் ஹார்ன் கேட்டது.

நிதி நிறுவனத்தின் வசூல்காரர் கதவைத் தட்டுகிற வழக்கம் இல்லாதவர். ஸ்கூட்டரை விட்டு இறங்கமாட்டார். தெருவில் நின்றுகொண்டு, கடன்பட்ட வீட்டுக்காரர் வெளியே வரும் வரை ஹார்னை அழுத்துவார். அதற்குள் எதிர் வீட்டு ஜன்னல் திறக்கும், மாடி வீட்டுத் தலை எட்டிப் பார்க்கும். கூச்சப்பட்டே பணத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதுதான் அவருடைய தொழில்நுட்பம். சின்னவள் அவருக்கு வைத்த பெயரும் ஹார்ன்தான்.

அண்ணி கையில் கத்தரிக்கோலுடன் வெளியே வந்தாள்.

"சாயங்காலம் வண்டி வருது," என்றார் ஹார்ன். "மெஷினைத் துடைச்சு வைங்க."

"எதுக்கு?"

"ரெண்டு தவணை நிக்குது. ரெண்டு நின்னா எடுத்துடுவோம்னு நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே இருக்கு."

 நிதி நிறுவனம் கொடுத்த கடனில் வாங்கிய மெஷின் அது, அந்தக் கடனுக்கே அடமானம். ரெக்சினையும் தோலையும் மடித்துக் கொடுத்தாலும் காகிதம் போலத் தைக்கும். அது போனால் சோபாக்காரர் என்று தெருவே கூப்பிடுகிற அவள் கணவர் வெறும் ஆணியும் சுத்தியலுமாக நிற்பார். பிறகு டீ டப்பாவில் எதைப் போடுவது?

ஆனாலும் ஹார்ன் சொன்னதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. போன மாதத் தவணையும் இந்த மாதத் தவணையும் நின்றது உண்மை. டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது. நாளை போய்ப் போன மாதத் தவணையைக் கட்டிவிட்டு, இன்னொன்றுக்குக் கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று மனசுக்குள் கூட்டிக் கழித்து வைத்திருந்தாள்.

"நாளைக்கு ஒண்ணு கட்டறேன்னு உங்க மேனேஜர்கிட்ட..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே பின்னால் கணவரின் குரல் கேட்டது.

"ஒண்ணுதானே நிக்கணும்? ரெண்டுன்னு சொல்றாரே. நான் ஒண்ணு கட்டிட்டேனே."

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"பல் டாக்டர் குடுத்த அட்வான்ஸை அப்படியே கொண்டுபோய்க் கட்டிட்டேன்," என்றார் சோபாக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு. "ஃபோமைக் கடனா வாங்கிக்கிட்டேன். உன்கிட்ட சொன்னா நீ..."

"ஐயோ அண்ணா," என்றபடி சின்னவள் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்தாள். "நானும் கட்டிட்டேனே. திங்கக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு நேரா போய்."

நடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில்.

"இது என்ன கூத்து," என்றார். "நானும்தானே கட்டினேன்."

தெருவில் எதிர் வீட்டு ஜன்னல் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது.

அண்ணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே பேசக் கூடாது என்று அவள் போட்ட சட்டத்தை மூன்று பேரும் அப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒருவர் கட்டியது மற்றவருக்குத் தெரியாது. மூன்று பேரும் ஒரே தவணையைத் தனித்தனியாகப் போய்க் கட்டிவிட்டு, நல்ல பிள்ளைகளாகச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"மூணு கட்டியாச்சு," என்றாள் அவள் ஹார்னைப் பார்த்து. "அப்ப நிக்கிறது எப்படி ரெண்டு?"

"அதெல்லாம் அபராதத்துக்குப் போயிருக்கும். வசூல் செலவுக்குப் போயிருக்கும். நான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு வர்றேனே, அதுக்கு யார் குடுப்பாங்க?"

"எங்க வாசல்ல வந்து ஹார்ன் அடிக்கிறதுக்கு நாங்களே கூலி குடுத்திருக்கோமா?" என்றாள் சின்னவள்.

ஹார்ன் ஸ்கூட்டரைத் திருப்பினார். கிளம்புகிற அவசரத்தில் ஒரு தடவை கூடுதலாக அடித்துவிட்டுப் போனார்.

அண்ணி உள்ளே வந்து கத்தரிக்கோலை வைத்தாள். அவள் யோசிக்கும்போது உதட்டைக் கடிப்பாள். அந்த வீட்டில் எல்லோரும் அந்த உதட்டைப் பார்த்துத்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, சின்னு, கிளம்புங்க. ஆபீஸுக்குப் போறோம்."

"நானும் வரேன்," என்றார் சோபாக்காரர்.

"நீங்க வேணாம். அந்த வண்டி முன்னாடியே வந்துட்டா? நீங்க வீட்ல இருங்க. யார் வந்தாலும் மெஷினைக் குடுக்காதீங்க. யாரைப் பார்த்தும் பாவப்படாதீங்க. உங்களுக்கு அதுதான் வியாதி."

"பல் டாக்டர் மெத்தை?" என்று கேட்டார் அவர். "இன்னிக்குக் கொண்டுபோய்க் குடுக்கணுமே. இன்னும் வாய் தைக்கல."

மெஷின் வேலை முடிந்திருந்தது. உறைக்குள் ஃபோமைத் திணித்தாயிற்று. ஒவ்வொரு மெத்தையிலும் ஒரு பக்கம் திறந்திருந்தது. அதை வளைந்த ஊசியால் கையால்தான் மூட வேண்டும். அது அண்ணியும் மாமியாரும் செய்கிற வேலை.

அண்ணி மெத்தைகளைப் பார்த்தாள். பெரிய பைகளை எடுத்து உதறினாள்.

"அதையும் எடுத்துக்கிட்டுப் போறோம்," என்றாள்.

பஸ்ஸில் அவர்களுக்கும் மெத்தைகளுக்குமாக மூன்று இரட்டை சீட் தேவைப்பட்டது. கண்டக்டர் மெத்தைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். "எடுக்கறோம், அப்ப அதை ஜன்னல் பக்கம் உட்கார வைக்கணும்," என்றாள் சின்னவள். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

 பிறகு அண்ணி கேட்டாள்.

"சின்னு, உனக்கு ஏது அவ்வளவு பணம்?"

"அண்ணி, சட்டம் இருக்கே."

"சட்டம் வாசப்படிக்கு உள்ளதான். இது பஸ்."

சின்னவள் மடியில் இருந்த மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "டிரைவிங் கிளாஸுக்குச் சேர்த்தது. ஆம்புலன்ஸ் ஓட்டக் கத்துக்கலாம்னு இருந்தேன். அது எங்க ஓடிப் போகுது? அடுத்த வருஷமும் ஆஸ்பத்திரி இருக்கும், ஆம்புலன்ஸும் இருக்கும்."

அண்ணி அவளைப் பார்க்காமல் மாமியார் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

"நான் தினமும் நடக்கப் போறேன் இல்ல," என்றார் மாமியார்.

"ஆமா. டாக்டர் சொன்னார்னு."

"எந்த டாக்டரும் சொல்லல. ரெண்டு தெரு தள்ளி பேக்கரியில தட்டு கழுவறேன்."

சின்னவள் வாயைப் பிளந்தாள். நடந்துவிட்டு வருகிறவர் ஏன் தினமும் கை விரல்கள் ஊறி வெளுத்து வருகிறார் என்று அண்ணிக்கு இப்போதுதான் உறைத்தது. கேட்டிருக்கலாம். கண்ணில் பட்டும் கேட்காமல் இருந்திருக்கிறாள். டப்பாவை எண்ணுகிற மும்முரத்தில் ஆட்களை எண்ண மறந்திருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள்.  "நான் என்ன பூதமா? மூணு பேரும் என்னை மட்டும் விட்டுட்டீங்க."

"உன்னை விடல," என்றார் மாமியார், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "நீ தூக்கத்துல கூட விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருக்கே. ஒரு மாசமாவது நீ எண்ணாம இருக்கட்டும்னு பார்த்தேன். கட்டிட்டு, மாசக் கடைசியில சொல்லலாம்னு இருந்தேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் சின்னவள்.

"அண்ணனும் அதையேதான் நெனச்சிருப்பான். இவ வயித்துல பொறந்த அத்தனையும் ஒரே அச்சு," என்று மாமியார் தன்னையே கைகாட்டிச் சொன்னார். அண்ணிக்கு, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும், சிரிப்பு வந்துவிட்டது.

நிதி நிறுவனம் ஒரு செருப்புக்கடைக்கு மேலே இருந்தது. படி ஏறினால் நீளமான கூடம். வரிசையாக இரும்பு நாற்காலிகள். பாதிக்கு மேல் ஆட்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய விளம்பரப் படம். ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்தது.

மாமியார் அதை உற்றுப் பார்த்தார். "அந்த சோபா மூலையில தையல் விட்டிருக்கு," என்றார். "அதுல உட்கார்ந்துக்கிட்டு என்ன சிரிப்பு?"

கண்ணாடி அறைக்குள் மேனேஜர் உட்காரச் சொன்னார். நல்ல மாதிரிப் பேசினார். அதுதான் அண்ணிக்குப் பயமாக இருந்தது. கத்துகிறவர்களிடம் திருப்பிக் கத்தலாம். நயமாகப் பேசுகிறவர்களிடம் எதைப் பிடித்து இழுப்பது?

"நீங்க கட்டலைன்னு நான் சொல்லலையே," என்றார் மேனேஜர். "கட்டியிருக்கீங்க. சந்தோஷம். ஆனா தவணைக்குன்னு சொல்லிக் கட்டணும். சொல்லலைன்னா முதல்ல அபராதம், அப்புறம் மத்த செலவு, அதுக்கும் மேல மிச்சம் இருந்தாத்தான் தவணை. சிஸ்டம் அப்படி."

"கடன் வாங்கினவங்க வேற எதுக்கு இங்க வந்து பணம் கட்டுவாங்க?" என்றாள் சின்னவள். "காத்து வாங்கவா?"

"நான் விதியைச் சொல்றேன். வருத்தமாத்தான் இருக்கு. நாளைக்கு வாங்க, பேசலாம்."

"வண்டி இன்னிக்கே வருதே," என்றாள் அண்ணி.

"நாளைக்கு வாங்க," என்றார் அவர் மறுபடியும், அதே நயத்தோடு. மேஜை மேல் இருந்த போனை எடுத்துக்கொண்டார்.

மூன்று பேரும் கூடத்துக்கு வந்தார்கள். இனி படி இறங்க வேண்டியதுதான் பாக்கி. இரும்பு நாற்காலிகளில் இருந்தவர்கள் அவர்களுக்காகக் காலை மடக்கி வழி விட்டார்கள். இப்படி எத்தனை பேருக்கு வழி விட்டிருப்பார்கள்.

அண்ணி நடக்கவில்லை. காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு மெத்தையை எடுத்து மடியில் வைத்தாள். வளைந்த ஊசியில் நூலைக் கோத்தாள்.

"அண்ணி?" என்றாள் சின்னவள்.

"மெத்தையை இன்னிக்குக் குடுக்கணும். இங்க வெளிச்சம் நல்லா இருக்கு."

 மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, இன்னொரு மெத்தையை எடுத்துக்கொண்டார். சின்னவள் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டாள்.

ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. ஃபோம் துணுக்குகள் பளபளப்பான தரையில் உதிர்ந்தன. முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வெளியே வந்தார். "இங்க என்னம்மா பண்றீங்க?"

"வேலை," என்றாள் அண்ணி. "உங்களுக்குக் கட்டத்தான்."

"இது ஆபீஸ். இங்கெல்லாம் இதைச் செய்யக் கூடாது."

"எங்க வீடு இத்தனை மாசமா உங்க ஆபீஸாத்தானே இருக்கு. உங்க ஆளு வந்து ஹார்ன் அடிக்கிறப்ப நாங்க சாப்பிடறோமா, தூங்கறோமான்னு பார்த்தாரா? இன்னிக்கு ஒரு நாள் உங்க ஆபீஸ் எங்க வீடா இருக்கட்டும்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்ததை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

"மெதுவாப் பேசுங்க," என்றார் மேனேஜர். "நாலு பேர் இருக்காங்க. உங்க கடன் விஷயம் எல்லாருக்கும் தெரியணுமா?"

அண்ணியின் கை நின்றது.

அவ்வளவுதான் அவர்களிடம் இருந்த ஆயுதம், ஸ்கூட்டரில் வந்தாலும் கண்ணாடி அறையில் உட்கார்ந்தாலும். ஜன்னல் திறந்துவிடுமே, நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே. அதற்குப் பயந்துதான் அவளும் அந்த வார்த்தையை வீட்டை விட்டே விரட்டி வைத்திருந்தாள். தன் சட்டமும் இவர்கள் வேலையைத்தான் செய்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குக் காது சூடானது.

அவள் எழுந்து நின்றாள். மெத்தை மடியிலிருந்து நழுவி விழுந்தது. கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எங்களுக்குக் கடன் இருக்கு."

சொன்னதும் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் அத்தனை மாதம் மூடி வைத்த வார்த்தை, வெளியே வந்ததும் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"கடன் இருக்கு. திருடல. எங்க அத்தை இந்த வயசுல தட்டு கழுவிக் கட்டினாங்க. இவ படிக்கிற காசைக் கட்டினா. எங்க வீட்டுக்காரர் அட்வான்ஸைக் கட்டினார். மூணு தவணைப் பணம் வாங்கி வெச்சுக்கிட்டு, ரெண்டு தவணை நிக்குதுன்னு சொல்லி எங்க மெஷினைத் தூக்க வண்டி அனுப்பறாங்க. இதைத்தான் நாலு பேருக்குத் தெரிய வேணாம்னு சார் சொல்றார்."

"எனக்கும் அப்படித்தான் பண்ணினாங்க," என்றார் டாக்ஸிக்காரர். இந்தத் தடவை இருமவில்லை.

"எனக்கும்," என்றாள் சலூன் வைத்திருக்கும் ஒரு பெண், கையில் கட்ட வைத்திருந்த பணத்தோடு. "அபராதம் அபராதம்னு சொல்றாங்க. அசல் குறையவே இல்ல."

"நீங்கல்லாம் கொஞ்சம் இருங்க," என்றார் மேனேஜர். நயம் கொஞ்சம் கழன்றிருந்தது. "இவங்க தவணைக்குன்னு சொல்லவே இல்ல. அதான் விஷயம்."

"சொன்னாங்க சார்."

எல்லோரும் திரும்பினார்கள். பணம் வாங்குகிற கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்து நின்றிருந்தாள். சின்னவள் வயதுதான் இருக்கும். நின்ற பிறகு ஏன் நின்றோம் என்று யோசிக்கிறவள் மாதிரி முகம்.

"இந்தம்மா வந்தப்ப நான்தான் இருந்தேன். எதுக்குன்னு கேட்டேன். தவணைக்குத்தான்னு ரெண்டு தடவை சொன்னாங்க. அந்தக்காவும் சொன்னாங்க. அவங்க அண்ணனும் சொன்னார். நீங்கதான் அபராதத்துல போடச் சொன்னீங்க."

கூடத்தில் எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். மாமியார் மட்டும் தைத்துக்கொண்டே இருந்தார்.

"சரி," என்றார் மேனேஜர் கடைசியில். "ரெண்டு தவணையா ஏத்துக்கறோம். மெஷின் இருக்கட்டும்."

"மூணு," என்றாள் அண்ணி.

"ரெண்டு நின்னுது, ரெண்டை வரவு வெச்சாச்சு. அப்புறம் என்ன?"

"மூணாவது அடுத்த மாசத்துக்கு."

"கொஞ்சமாவது விட்டுக் குடுங்கம்மா."

"காய்கறியா வாங்கறோம், கொசுறு விட?" என்றார் மாமியார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சலூன்காரப் பெண் தன் பணத்தைக் கைப்பைக்குள் திரும்ப வைத்துப் பட்டென்று மூடினாள். மேனேஜர் அந்தக் கைப்பையைப் பார்த்தார். டாக்ஸிக்காரரைப் பார்த்தார். மூன்றையும் தவணையாக எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார். வண்டியைத் திருப்பச் சொல்லி அவர் போனில் பேசுவது எல்லோருக்கும் கேட்டது.

சின்னவள் மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அண்ணி அவள் தலையில் கை வைத்தாள். கடைசி மெத்தையின் வாயை டாக்ஸிக்காரர் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மாமியார் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தார்.

கவுண்டர்ப் பெண் ரசீதை நீட்டினாள்.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று அண்ணி கேட்டாள்.

"ஆனா ஆகட்டும்க்கா." பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து ஒருத்தர் வந்தார். உங்க வீட்டுக்காரரோட அண்ணன்னு சொன்னார். கடனைக் கட்டத்தான் வந்திருக்கார்னு நெனச்சேன். ஆனா ஒண்ணும் கட்டல. மெஷின் எடுக்க வண்டி என்னிக்குப் போகும்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டார்."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மாமியார் அப்படியே நின்றார்.

அவருடைய மூத்த மகன். தம்பியோடு சேர்ந்துதான் கடை நடத்தினார். ஓட்டல்காரர் ஓடிப்போன அன்று, கடனில் பாதி தனக்கும் உண்டு என்பதை மறந்துவிட்டு, கடையில் பாதி தனக்கு உண்டு என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு பிரிந்து போனவர். இப்போது தனியாகக் கடை வைத்திருக்கிறார். தம்பியின் பழைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, இப்படி ஒரு மெஷின்.

"சின்னு, வீட்ல இருக்கிற அண்ணனுக்குப் போன் போடு," என்றாள் அண்ணி.

"போட்டுட்டேன் அண்ணி. ஆஃப்ல இருக்கு. ஹார்னுக்குப் பயந்து அவன் எப்பவும் ஆஃப் பண்ணித்தானே வைக்கிறான்."

திரும்பி வரும்போது பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது.  அண்ணி ரசீதைக் கையிலேயே வைத்திருந்தாள். வியர்வையில் அது மெல்ல மடங்கியது.

தெருவில் வண்டி எதுவும் இல்லை. வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. சோபாக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து சிரித்தார். அப்படி அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"கவலைப்படாதீங்க," என்றார். "மெஷின் அவங்க கையில சிக்காது. அண்ணன் வந்தார். எப்படியோ விஷயம் தெரிஞ்சிருக்கு. வண்டி வர்றதுக்குள்ள என் கடையில வெச்சுப் பூட்டிடறேன்னு ஆளோட வந்து, பத்திரமா எடுத்துக்கிட்டுப் போயிட்டார். என்ன இருந்தாலும் அண்ணன் அண்ணன்தான்."

அண்ணி அவரைத் தாண்டி முன்னறையைப் பார்த்தாள். மெஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. சுற்றிலும் வெட்டிப்போட்ட துணித் துண்டுகள்.

"ஏன், என்ன ஆச்சு?" என்றார் அவர். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. "தப்பா? அவர் கண்ணுல தண்ணி வந்துச்சு தெரியுமா?"

யாரும் அவரைத் திட்டவில்லை. சின்னவள் அவர் தோளைத் தொட்டு, "நீ உட்காருண்ணா," என்றாள்.

மாமியார் படியேறவில்லை. கையில் இருந்த பையை மகளிடம் கொடுத்தார்.

"பல் டாக்டர்கிட்ட இதை நீ கொண்டுபோய்க் குடு. மிச்சப் பணத்தை வாங்காம வராதே." பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "அவன் கடை எனக்குத் தெரியும். வா."

அண்ணி ரசீதை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

சோபாக்காரர் வாசல் வரை ஓடி வந்தார். "இப்பவே போய் நின்னா அண்ணன் தப்பா நினைச்சுக்குவாரே. நாலு பேர் இருக்கிற இடம். அங்க போய் கடன் அது இதுன்னு..."

"நினைக்கட்டும்," என்று மாமியாரும் மருமகளும் ஒன்றாகச் சொன்னார்கள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. அதைப் பார்த்தபடியே இருவரும் தெருவின் நடுவில் நடந்தார்கள்.